டயருக்கு எண்ணெய்க் குளியல்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தபோது பாதி வேலைதான் முடிந்திருந்தது. அந்தச் சக்கரத்துக்கு ஓர் உபகுழு அமைத்து மீதி வேலையையும் முடித்த பெருமை, பம்பாய் மாட்டுங்காவில் இயங்கும் எங்கள் நெல்லைச் சீமை நலச் சங்கத்தையே சேரும். அந்த உபகுழுவின் தலைவர் யார் என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே அடக்கத்தோடு சொல்லிவிடுகிறேன்: நான்தான். பெயர் நம்பிராஜன். கோட்டைப் பகுதியில் ஒரு சர்க்கார் ஆபீசில் ஹெட் கிளார்க். டயரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சிலர் குறை சொன்னார்கள். தெரிந்தவனைத் தலைவனாகப் போட்டால் பாரபட்சம் வந்துவிடும் என்பது சங்கத்தின் கொள்கை.

சங்கத்துக்கு ஒரு டிரெய்லர் உண்டு. உலக யுத்தம் முடிந்து ராணுவம் ஏலத்தில் கழித்துக்கட்டிய ஜீப்பையும், அதன் பின்னால் மாட்டி இழுக்கிற இரண்டு சக்கரத் தண்ணீர் டாங்க் வண்டியையும் நாங்கள் வாங்கி வைத்திருந்தோம். கோடை வந்து தாராவியில் குழாய்கள் காற்று மட்டும் விட ஆரம்பித்ததும், செம்பூரில் ஒரு கிணற்றில் டாங்கை நிரப்பிக்கொண்டு போய் எங்கள் ஊர்க்காரர்கள் குடியிருக்கும் சந்தில் நிறுத்துவோம். சங்கத்தின் பாஷையில் இதற்குக் 'குடிநீர்க் கொடை' என்று பெயர். சந்துப் பெண்களின் பாஷையில் 'வண்டி வந்துட்டுடி' என்று பெயர்.

சீனாக்காரனோடு சண்டை ஓய்ந்த அடுத்த கோடையில், டிரெய்லரின் டயர் இரண்டும் வழுக்கையாகிவிட்டன. சரியாக அந்த நேரத்தில்தான் ரஹ்மத்துல்லா என் வீட்டுக்கு வந்தார். அந்தச் சந்தில் தோல் பதனிடும் முற்றம் வைத்திருப்பவர். எங்கள் டிரெய்லர் இராப் பொழுதில் தங்குவதும் அவர் முற்றத்தில்தான். வாடகை என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"அண்ணாச்சி, எம்மவ அக்தர் பானுவுக்கு நிக்காஹ் வச்சிருக்கேன். மே மாசக் கடைசி ஞாயித்துக்கெழம. வேற ஒண்ணும் கேக்கல, அன்னிக்கி ஒரு டாங்க் தண்ணி. மாப்ள வீட்டுக்காரங்க அம்பர்நாத்துலேர்ந்து வாராங்க. சாப்பிட வந்தவங்க கை கழுவக் கைய நீட்டி, நாம தண்ணி ஊத்தலேன்னா எங்கள்ல அது பெரிய கொறச்சல்."

"தண்ணீர் உண்டு" என்றேன்.

"டயர மட்டும் மாத்திருங்க அண்ணாச்சி. அது மொகத்தப் பாத்தாலே பயமா இருக்கு."

இப்படித்தான் 'டயர் தேர்வு மற்றும் பராமரிப்பு உபகுழு' பிறந்தது.

உபகுழுவில் என்னைத் தவிர இன்னொருவரும் இருந்தார். செம்பூரில் அரிசிக் கடை வைத்திருக்கும் செல்லப்பாண்டி. எங்கள் சங்கத்தில் மாட்டுங்கா கோஷ்டி, செம்பூர் கோஷ்டி என்று இரண்டு இருப்பதாக வெளியில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். மாட்டுங்கா கோஷ்டி ஒன்றுதான் சங்கம், மற்றதுதான் கோஷ்டி.

"மாட்டுங்காக்காரன் வாங்குத டயர்ல செம்பூர்த் தண்ணி போகாது வே" என்று கூட்டத்தைத் தொடங்கி வைத்தார் செல்லப்பாண்டி.

"கெணறு ஒம்ம பக்கம்னா வண்டி எங்க பக்கம் வே" என்றேன்.

"அப்பம் வண்டியில காத்த ரொப்பிக் கொண்டு போவும்."

காபி வந்தது. குடித்தோம். மறுபடியும் காபி வந்தது. கடைசியில் ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேறியது: ஆளுக்கொரு டயர். வண்டிக்கு இரண்டு சக்கரம், சங்கத்துக்கு இரண்டு கோஷ்டி. கடவுள் எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்திருக்கிறான் என்று எனக்கு அன்று பக்தியே வந்துவிட்டது.

என் டயரைத் தேர்ந்தெடுக்க நான் தாதருக்கு நேரில் போனேன். தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்த்தேன். மோந்தும் பார்த்தேன். கடைக்காரர் பொறுமையாக, "எந்த வண்டிக்கு சாப்?" என்று ஹிந்தியில் கேட்டார். "பொது வண்டிக்கு" என்றேன். அளவு கேட்டார். "கௌரவமான அளவு" என்றேன். கடையிலேயே உயரமான டயர் எனக்குக் கிடைத்தது. செல்லப்பாண்டி பாண்டுப்புக்குப் போய், பழைய டயருக்கு மேல்தோல் புதிதாக ஒட்டிய ரீட்ரெட் டயர் ஒன்றைப் பிடித்து வந்தார். குள்ளமாக, அகலமாக, கிட்டத்தட்ட அவரைப் போலவே இருந்தது.

ஜீப் ஓட்டும் வெயிலுமுத்து இரண்டையும் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தான். டாங்க் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"அண்ணாச்சி, வண்டி சம்மணம் போட்டு ஒக்காரப் பாக்கு" என்றான்.

"ஒரு டயரை மாற்றிவிடலாமே" என்று விவரம் இல்லாத யாரோ சொன்னார்கள். எந்த டயரை என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். உபகுழு அவசரமாகக் கூடி வழி கண்டது. உயரமான டயரில் காற்றை இறக்குவது. குள்ளமான டயரில் காற்றை ஏற்றுவது. இருப்பவனிடம் எடுத்து இல்லாதவனுக்குக் கொடுக்கும் இந்த முறைக்கு டில்லியில் 'சோஷலிசம்' என்று பெயர். டில்லியில் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். தாராவியில் நாங்கள் செய்தே காட்டிவிட்டோம். என் டயர் தொந்தி சரிந்தாற்போலத் தொய்ந்தது. அவர் டயர் விண்ணென்று புடைத்தது. டாங்க் நேராக நின்றது. கை தட்டினோம்.

தேர்வு முடிந்தது. இனிப் பராமரிப்பு. இங்கேதான் என் மேதைமை வெளிப்பட்டது.

ஒரு நாள் ரஹ்மத்துல்லாவின் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆட்கள் பதனிட்ட தோலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்கு எண்ணெய்?" என்று கேட்டேன்.

"தோலு வெடிக்காம மெதுவா இருக்கும் அண்ணாச்சி."

"டயருக்கும் இது பொருந்தும்தானே?"

"டயரப் பத்தி எனக்குத் தெரியாதே அண்ணாச்சி" என்றார் அவர்.

'தோல் நிபுணரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை' என்று அறிக்கையில் எழுதினேன். யோசித்துப் பாருங்கள். நம் உடம்பு ஏன் வெடிக்காமல் இருக்கிறது? சனிக்கிழமை எண்ணெய்க் குளியலால். வெள்ளைக்காரனுடைய டயர் ஏன் வெடிக்கிறது? அவனுக்கு எண்ணெய்க் குளியல் என்றால் என்னவென்றே தெரியாது. செல்லப்பாண்டி கூட மறு பேச்சுப் பேசவில்லை. "நல்லெண்ணெய் நம்ம கடையிலேர்ந்தே அனுப்புதேன் வே" என்றார். இரண்டு கோஷ்டியும் ஒன்றுபட்ட ஒரே விஷயம் அதுதான். தேசிய ஒருமைப்பாடு என்று ரேடியோவில் சொல்கிறார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

சனிக்கிழமைதோறும் வெயிலுமுத்து இரண்டு டயருக்கும் நல்லெண்ணெய் தேய்த்து ஊற வைப்பான். பிறகு சீயக்காய். பிறகு வெந்நீர். வெந்நீருக்குத் தண்ணீர் எங்கிருந்து என்றால், பக்கத்திலேயே ஒரு டாங்க் நிற்கிறதே. கடைசியில் சந்தனம், குங்குமம். குளித்துப் பொட்டு வைத்த டயர்களைப் பார்த்தால் எனக்குக் கண் நிறைந்துவிடும்.

எண்ணெய் டின்னையும் சீயக்காய் மூட்டையையும் முற்றத்துக்கு எதிர்வீட்டில் வைத்தோம். அது பேராச்சியின் வீடு. வடை சுட்டு விற்கிறவள். சந்துப் பெண்களுக்கு அவள்தான் வாய்.

"என்ன அண்ணாச்சி, கொடம் வரிசையில நிக்கி, நீங்க டயருக்குத் தண்ணி ஊத்துதீய?" என்று முதல் சனிக்கிழமையே கேட்டாள்.

"குடம் உருளாது, பேராச்சி. டயர் உருளணும்."

"எங்க பிள்ளைய தல வறண்டு கெடக்கு. அந்த டின்னுலேர்ந்து ஒரு கரண்டி எடுத்துக்கிடலாமா?"

"அது சங்கச் சொத்து. டயரைத் தவிர யாரும் தொடக் கூடாது."

அவள் டின்னைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சரி அண்ணாச்சி, தொடல. பத்திரமா வச்சிருக்கேன்" என்றாள். பொது வாழ்வில் ஒழுங்கு இப்படித்தான் வளர்கிறது என்று நான் மகிழ்ந்துபோனேன்.

நிக்காஹ் நெருங்கியது. முதல் நாள் சனிக்கிழமையாக அமைந்தது ஒரு நல்ல சகுனம். கல்யாணக் குளியல் என்று எண்ணெயை இரண்டு மடங்காகத் தேய்க்கச் சொன்னேன். வெந்நீரும் அதற்குத் தக்கபடி ஆனது. டாங்கில் மிச்சமிருந்ததெல்லாம் அதில் தீர்ந்துவிட்டது. கவலையில்லை, மறுநாள் காலையில்தான் டாங்க் நிறைய வரப்போகிறதே.

ஞாயிற்றுக்கிழமை காலை செம்பூரில் விளிம்பு வரை நிரப்பினோம். ஜீப்பில் நானும் செல்லப்பாண்டியும் ஏறிக்கொண்டோம். கொடை கொடுக்கிறவன் முகத்தை வாங்குகிறவன் பார்க்க வேண்டாமா? சயான் வரை வண்டி தேர் போல வந்தது. அங்கே டமார் என்று ஒரு சத்தம். செல்லப்பாண்டியின் டயரில் எண்ணெயில் ஊறிய மேல்தோல் வாழைப்பழம் போல உரிந்து போய், உள்ளே இருந்த 'சோஷலிசம்' வெடித்துவிட்டது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியதில், காற்றில்லாமல் வழவழவென்று இருந்த என் டயர் வளையத்தை விட்டு நழுவித் தனியாக உருண்டு, ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டு, எதிர்ச் சாரியில் போய்ப் படுத்தது. டாங்க் கவிழ்ந்தது. ஒரு கல்யாணத்துத் தண்ணீர் சாக்கடையில் இறங்கி ஓடியது.

"மொதல்ல வெடிச்சது ஒம்ம டயர்தான் வே" என்றேன்.

"ஓடிப்போனது ஒம்ம டயர்தான் வே" என்றார் செல்லப்பாண்டி.

நடுரோட்டில் நின்று இந்த முக்கியமான பிரச்சினையை நாங்கள் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, வெயிலுமுத்து சொல்லாமல் கொள்ளாமல் தாராவிக்கு ஓடியிருந்தான். கொஞ்ச நேரத்தில் சந்துப் பெண்கள் குடங்களோடு வந்துவிட்டார்கள். கவிழ்ந்த டாங்கின் வயிற்றில் தேங்கி நின்றதை மொண்டு மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு, சயானிலிருந்து வெயிலில் நடந்தே போனார்கள். தீர்மானம் ஏதும் போடாமல், தலைவர் இல்லாமல், இப்படி ஒழுங்கில்லாமல் ஒரு காரியம் நடந்து நான் பார்த்ததில்லை.

சந்துக்குப் போனபோது ரஹ்மத்துல்லா பந்தல் வாசலில் பித்தளைச் செம்போடு நின்றிருந்தார். அம்பர்நாத்துக்காரர்கள் கையில் ஊற்ற அந்தச் செம்பைச் சொட்டுச் சொட்டாகச் சாய்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் விரல் நுனியை மட்டும் நனைத்துக்கொண்டு, "போதும் போதும், இதுவே ஜாஸ்தி" என்று சத்தமாகச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்படுவதற்கு உபகுழுவின் அனுமதி தேவையில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

என்னைப் பார்த்ததும் ரஹ்மத்துல்லா, அந்த நிலையிலும், "வாங்க அண்ணாச்சி. ஒங்களுக்குச் சைவச் சாப்பாடு எதிர்வீட்ல ஏற்பாடு பண்ணிருக்கு. சாப்பிடாமப் போயிராதீங்க" என்றார். எங்கள் சங்கத்தின் சேவைக்குக் கிடைத்த அங்கீகாரமாகவே அதை எடுத்துக்கொண்டு பேராச்சி வீட்டுக்குள் நுழைந்தோம்.

இலை போட்டிருந்தது. சோறு, சாம்பார், அவியல், எல்லாம் அவள் கை சமையல். உட்கார்ந்தோம். பேராச்சி ஒரு வட்டிலைக் கீழே வைத்து, செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கைய நீட்டுங்க அண்ணாச்சி."

நீட்டினேன். ஊற்றினாள். கொழகொழவென்று விழுந்தது நல்லெண்ணெய்.

"என்ன பேராச்சி இது?"

"தண்ணி மாப்ள வீட்டுக்கே பத்தல அண்ணாச்சி. இந்தச் சந்துல கொறவில்லாம இருக்கது இது ஒண்ணுதான். சங்கத்துச் சொத்து. நாங்க யாரும் தொடவே இல்ல."

செல்லப்பாண்டி மெல்லக் கையை மடக்கப் பார்த்தார். "நீங்களும் நீட்டுங்க அண்ணாச்சி. ஆளுக்கொரு செம்பு" என்று அவருக்கும் ஊற்றினாள்.

எண்ணெயின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முழங்கை வரை வழியும் கையை வைத்துக்கொண்டு இலையைத் தொட முடியவில்லை. வாசலில் சந்துப் பெண்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இத வச்சிக்கிட்டு எப்பிடிச் சாப்பிடுறது பேராச்சி?" என்று கேட்டேன்.

"அவசரப்படாதீய அண்ணாச்சி, கொஞ்சம் ஊறட்டும்" என்றாள் அவள். "சீயக்காயும் மூட்டையில இருக்கு. தண்ணிதான் நீங்க கொண்டாரணும்."