அத்தை விரலில் திறந்த லேப்டாப்

படித்தவன் என்ற நினைப்பு ஒருவனை எந்த அளவுக்கு முட்டாளாக்கும் என்று தெரிந்துகொள்ள ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், என்னைப் பார்த்தால் போதும். பொறியியல் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், குரும்பலூரில் எங்கள் தெருவுக்கே நான்தான் கம்ப்யூட்டர் டாக்டர். யார் போன் பூட்டிக்கொண்டாலும் என்னிடம்தான் வரும். "நம்பர எங்கயாவது எழுதி வைக்க மாட்டீங்களா?" என்று பெரியவர் சின்னவர் பார்க்காமல் அதட்டுவேன். (அந்த அதட்டலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.)

அப்பா எனக்கு லேப்டாப் வாங்கியபோது, பெட்டியைப் பிரிக்கும் முன்பே பெரிய அத்தையை வரவழைத்துவிட்டார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, குன்னம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அவருக்குக் கைராசி என்று எங்கள் சொந்தத்தில் பேச்சு. விதை வெங்காயம் ஊன்றுவதிலிருந்து புது வண்டிச் சாவியைத் திருகுவது வரை முதலில் அத்தை கைதான் பட வேண்டும். திரையில் கைரேகை கேட்டதும் "அக்கா, நீ வை" என்றார் அப்பா.

களை வெட்டியே தேய்ந்த விரல் அது. வை, எடு, மறுபடி வை என்று இருபது தடவை கேட்டது அந்தப் பெட்டி.

"ரேசன் கடை மிஷினே தேவலாம்டா தம்பி. இது என்ன இந்த அடம் புடிக்குது?" என்றார் அத்தை.

ஒருவழியாகப் பதிந்தது. அடுத்து என் ஆள்காட்டி விரலைப் பதித்தேன். அத்தையின் ரேகையை அப்புறம் நீக்கிக்கொள்ளலாம் என்று நினைத்து, அதையும் மறந்தேன். தினமும் விரலை வைத்தே திறந்ததால், முதல் நாள் போட்ட ரகசிய எண், அதாவது 'பின்' நம்பர், இரண்டு வருடத்தில் சுத்தமாக மறந்துபோனது. எழுதியும் வைக்கவில்லை!

அந்தச் சமயத்தில்தான் நேர்காணல் வந்தது. ஏழு மாதமாக விண்ணப்பம் போட்டதில் முதல்முறையாக ஒரு சென்னைக் கம்பெனி என்னைப் பார்க்கச் சம்மதித்திருந்தது. காலை பதினோரு மணிக்கு, வீடியோவில். கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும், போனில் வரக் கூடாது. அதற்கு முதல் நாள் எங்கள் காட்டில் பெண்கள் உட்கார்ந்து வெங்காயத்தின் காய்ந்த தண்டான தாளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். வேலையே கிடைத்துவிட்ட தெனாவட்டில் நானும் ஒரு அரிவாளோடு போய் உட்கார்ந்தேன். பத்தாவது வெங்காயத்தில் தாளோடு சேர்த்து ஆள்காட்டி விரலையும் அறுத்துக்கொண்டேன். நான்கு தையல்.

மறுநாள் ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறந்தபோதுதான் விஷயம் உறைத்தது. கட்டுப் போட்ட விரலை அது ஏற்கவில்லை, பின் நம்பரைக் கேட்டது. பிறந்த தேதி, வண்டி நம்பர், வீட்டு நம்பர் எல்லாம் போட்டுப் பார்த்தேன். 'மறந்துவிட்டது' என்பதை அழுத்தினால், சரிபார்க்கும் எண்ணை என் போனுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னது. அது ரீசார்ஜ் செய்யாமல் எப்போதோ செத்துப்போன என் பழைய சிம்.

"அன்னிக்கு ஒங்க அத்த வெரலையும் வச்சோமே, அதுல தொறக்காதாடா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டார் அம்மா. கம்ப்யூட்டர் டாக்டருக்கு இது தோன்றவில்லை.

அத்தையை போனில் பிடித்தேன். "காட்டுல ஆளு வேல செய்யுது, வுட்டுட்டு வர முடியாது. நீ பொட்டியத் தூக்கிக்கிட்டு இங்க வந்துடு சாமி" என்றார். அப்பா வண்டியை ஓட்ட, நான் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். பெரம்பலூரைத் தாண்டி, குன்னம் பக்கத்து வெங்காயக் காட்டில் இறங்கும்போது மணி பத்தே முக்கால்.

அத்தை கையைக் கழுவிவிட்டு விரலை வைத்தார். திறக்கவில்லை. இரண்டாவது தடவையும் திறக்கவில்லை. அத்தையின் முகம் வாடிப்போனது.

"என் கையி ராசியில்லாமப் போச்சாடா தம்பி?"

"ரேசன் கடையில தேய்க்கிற மாதிரி தலையில தேச்சிட்டு வையிக்கா" என்றார் அப்பா. அத்தை விரலைத் தலைமுடியில் நாலு இழுப்பு இழுத்து வைத்தார். பத்து ஐம்பத்தெட்டுக்குத் திறந்தது. தாள் அறுத்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் கை தட்டினார்கள்.

போனிலிருந்து நெட்டை இணைத்து, சரியாகப் பதினோரு மணிக்கு நேர்காணலுக்குள் நுழைந்தேன். பக்கத்தில் வெங்காயக் குவியல். என் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றுகிறது. திரையில் வந்த மேலாளர் பதறிப்போய், "தம்பி, பயப்படாதீங்க, சாதாரணமாப் பேசலாம்" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சமாளித்தேன். பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் விண்ணப்பித்திருந்ததே வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர் கோளாறுகளைத் தீர்த்துவைக்கும் வேலை.

"ஒரு கஸ்டமர் பின் நம்பர மறந்துட்டார்னா அவருக்கு என்ன சொல்வீங்க?"

எனக்குத் தெரிந்த பாடம்! நிமிர்ந்து உட்கார்ந்து, "முதல்ல அவரோட அலட்சியத்தப் பக்குவமா எடுத்துச் சொல்லுவேன் சார்" என்று ஆரம்பித்தேன். லேப்டாப் மறுபடி பூட்டிக்கொண்டால் திறக்க வேண்டுமே என்று பக்கத்திலேயே விரலைத் தயாராக வைத்துக்கொண்டிருந்த அத்தைக்குப் பொறுக்கவில்லை. தலையைத் திரைக்குள் நீட்டினார்.

"இவனே மறந்துட்டுத்தான் சார், என் வெரலுக்கு ஓடியாந்துருக்கான். நல்ல புள்ள. வேலயக் குடுத்துடுங்க."

மேலாளர் சிரித்த சிரிப்பில் அவருடைய கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. அங்கே வெங்காயம் எதுவும் இல்லை.

வேலை கிடைக்கவில்லை. அதைவிட, தன் ராசி போய்விட்டது என்று அத்தை மூன்று மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே வராமல் இருந்ததுதான் எனக்கு வலித்தது. "ஒங்க வெரலு தொறந்துச்சு அத்த, என் வாயிதான் கெடுத்துச்சு" என்று நேரில் போய்ச் சொல்லித்தான் சமாதானப்படுத்தினேன். பிறகு திருச்சியில் ஒரு வேலை அமைந்தது. அரியலூரில் பெண்ணும் அமைந்தது.

திருமணத்தைப் பதியப் போனோம். கருவியில் நான் கட்டைவிரலை வைத்தேன், ஏற்கவில்லை. "மறுபடி வைங்க" என்றார் அலுவலர். அதற்குள் பின்னாலிருந்து அப்பாவின் குரல்.

"அக்கா, நீ போயி வை!"

எங்கள் வீட்டு ஜனம் மொத்தமும் சிரித்தது. கதை தெரியாத என் மனைவியும் அவள் வீட்டாரும் விழித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, விரலைத் தலையில் தேய்த்துக்கொண்டே வந்துகொண்டிருந்தார்.