வர்க்கி அடுப்பில் மாமனார் ஸ்வெட்டர்

ஒரு வேலையில் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவளைத் தப்பித் தவறிக்கூட ஊரைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. என்னை அனுப்பினார்கள். ஊர் குன்னூர், மாதம் டிசம்பர்.

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் நான் டிரையர் செக்‌ஷன் சூப்பர்வைசர். அச்சிலிருந்து எடுத்த ஈர ஜாடியையும் கோப்பையையும் விரிசல் விடாமல் காயவைத்துச் சூளைக்கு அனுப்புவது என் பொறுப்பு. காயவைப்பதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அப்போது ஒரு மிதப்பு. எங்கள் ஊரில் ஐப்பசி கார்த்திகையில் எப்படி அடித்து ஊற்றினாலும் துணி காயவில்லை என்ற பேச்சே கிடையாது. சூளையோரம் ஒரு கயிறு கட்டியிருக்கும். போட்டுவிட்டு டீ குடித்து வருவதற்குள் துணி அப்பளமாகிவிடும். ஈர யூனிஃபார்மோடு பள்ளிக்கூடம் போன பிள்ளை எங்கள் தெருவில் இல்லவே இல்லை.

குன்னூருக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. நானும் ஜெபாவும் செராமிக் படிப்பில் ஒன்றாகப் படித்து, காதலித்து, ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவன் குன்னூர்க் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை. அவன் அப்பா அம்மா அங்கே சின்னதாக ஒரு பேக்கரி வைத்து வர்க்கி போடுகிறார்கள். (ஏடு ஏடாக உதிரும் மொறுமொறு வர்க்கி. சாப்பிட்டால் பாதி வாய்க்கு, பாதி மடிக்கு.) கல்யாணத்துக்கு மாமியார் வரவில்லை. அதன் பிறகும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வருஷம் கழித்து மாமனார் போன் செய்தார்.

"கிறிஸ்துமஸுக்கு ரெண்டு பேரும் வாங்கம்மா. பத்து நாள் இருந்துட்டுப் போங்க. அவளும் சரின்னுட்டா."

எனக்கு ஒரே வேண்டுதல்தான். அத்தை என்னிடம் வாயைத் திறந்து பேசிவிட வேண்டும். அது நடக்காவிட்டால் ஜெபா காலத்துக்கும் இரண்டு வீட்டுக்கும் நடுவே அல்லாடிக்கொண்டிருப்பான்.

பெட்டி அடுக்கினேன். மூன்று காட்டன் சுடிதார், சர்ச்சுக்கு ஒரு பட்டுப்புடவை. அவ்வளவுதான். என் அம்மா எட்டிப் பார்த்து மலைத்துப்போனாள்.

"ஏன்டி, பத்து நாளைக்கு இதான் துணியா? அங்க ஒரே மழையா இருக்குதுன்னு டிவியில சொல்றான். வூட்டுல கம்பளி சும்மாதான கெடக்குது, எடுத்துக்க."

"யம்மா, துவைச்சு துவைச்சுப் போட்டுக்கப் போறேன். துணி காயவைக்கிறதப் பத்தி எனக்கா பாடம் எடுக்குற?"

ஜெபாவும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "தமிழு, எங்க ஊரு மழை வேற மாதிரி."

"என்ன வேற மாதிரி? மேலேர்ந்து கீழதான ஊத்துது?" என்றேன். (வாய்க்கு மட்டும் எப்போதும் குறைச்சலில்லை.)

அந்த மழை மேலேயிருந்து கீழே ஊற்றவில்லை. பக்கவாட்டில் வந்தது, மேகமாகி ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தது, தலையணைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் முதல் சுடிதார் காலி. அதைத் துவைத்துக் கொடியில் போட்டேன். மறுநாள் தொட்டுப் பார்த்தால் போட்டதைவிட ஈரமாக இருந்தது. இரண்டாவதைத் துவைத்தேன், அதுவும் அப்படியே. மூன்றாவதை அரை ஈரத்தோடு மாட்டிக்கொண்டேன். அயர்ன் பாக்ஸ் போடலாம் என்றால் எங்கேயோ கம்பிமேல் மரம் விழுந்து கரண்டும் இல்லை. பல் தந்தியடிக்க, அடுப்படி மூலையில் போய் ஒண்டிக்கொண்டேன்.

அத்தை பார்த்தார்கள். என்னிடம் அல்ல, ஜெபாவிடம் சொன்னார்கள். "அவங்களுக்கு சூடா டீ வேணுமான்னு கேளுடா."

நான் இரண்டடி தூரத்தில்தான் இருக்கிறேன். ஜெபா என் பக்கம் திரும்பி, "தமிழு, உனக்கு டீ வேணுமான்னு கேக்குறாங்க" என்றான். "வேணும்னு சொல்லு" என்றேன். அவன் அந்தப் பக்கம் திரும்பி, "வேணுமாம், அம்மா" என்றான். டீ, தோசை, குளிக்க வெந்நீர் எல்லாம் இப்படி ஜெபா வழியாகத்தான் வந்து சேர்ந்தன. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. பேச்சுக்குத்தான் குறை.

மாமனாருக்கு மனசு கேட்கவில்லை. தான் போட்டிருந்த நீல ஸ்வெட்டரைக் கழற்றி, "இந்தாம்மா, போட்டுக்க" என்றார். அத்தை அந்த மழைக்காலம் பூராவும் உட்கார்ந்து பின்னியது அது. கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவர்தான் வேதபாடம் வாசிக்கப்போகிறார், அதற்காகவே பின்னியதை ஆசை தாங்காமல் முன்னாலேயே போட்டிருந்தார். அத்தையின் முகம் ஒரு மாதிரி ஆனது.

அந்த ஸ்வெட்டரோடு உட்கார்ந்து சாப்பிட்டு, அதன் கை முழுக்க மீன் குழம்பைக் கொட்டிக்கொண்டேன். பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம். அத்தை சர்ச் ஜோடிக்கப் போயிருந்தார்கள். வருவதற்குள் துவைத்து, காயவைத்து, மடித்து வைத்துவிடலாம். வாளியில் நல்ல வெந்நீர் எடுத்து, கல்லில் போட்டுக் கும்மினேன். கறை போய்விட்டது. இனி காய வேண்டும்.

திரும்பிப் பார்த்தால் பேக்கரி அடுப்பு. செங்கல் வளைவு, இரும்புக் கதவு, அன்றைய வர்க்கி வெந்து முடிந்து தணல் வாரியாகிவிட்டது. உள்ளே இதமான சூடு. அட, நம்ம ஊர் சூளை! சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆர்வக்கோளாறு என்று நினைக்காதீர்கள், முறைப்படிதான் செய்தேன். உள்ளங்கையை நீட்டிச் சூடு பார்த்து, வர்க்கித் தட்டில் ஸ்வெட்டரைச் சுருக்கமில்லாமல் விரித்து, நீளமான மரத்துடுப்பால் உள்ளே தள்ளி, ஈரக்காற்று வெளியேறக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். எட்டங்குல ஜாடி வேண்டுமென்றால் ஒன்பது அங்குலத்துக்கு அச்சு எடுக்க வேண்டும், காய்ந்தால் மண் சுருங்கும் என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுக்கிறவள் நான். கம்பளியும் சுருங்கும் என்று இந்த மண்டைக்கு எட்டவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை வெளியே இழுத்தேன். ஸ்வெட்டர் அருமையாகக் காய்ந்திருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கச்சிதமாக இருக்கும். நிறுத்தி வைத்தால் தானாக நின்றது.

அந்த நேரம் பார்த்து அத்தை குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார்கள். பின்னாலேயே ஜெபா. அத்தை காற்றை மோந்து பார்த்தார்கள். தட்டைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். போச்சு, இனி ஜென்மத்துக்கும் பேச மாட்டார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏண்டி! உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா? கம்பளிய யாராவது வர்க்கி மாதிரி சுடுவாங்களா?"

யாரைத் திட்டுகிறார்கள் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஜெபா பாவம், பழக்கதோஷத்தில் என் பக்கம் குனிந்து, "தமிழு, உனக்கு அறிவு இருக்கான்னு அம்மா கேக்குறாங்க" என்றான்.

"நீ போடா அந்தப் பக்கம்! நான் அவகிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்!"

"சூடு கம்மியாத்தான் வச்சேன் அத்தை…" என்று ஆரம்பித்தேன்.

"வாயத் தெறக்காத! நாலு மாசம் பின்னினேன்டி! பாவி மக, நாலே நாள்ல ரொட்டி ஆக்கிட்டாளே! டிசம்பர்ல குன்னூருக்கு மூணு சுடிதாரோட வர்றாளாம், இவ ஒரு சூப்பர்வைசராம்!"

ஒரு வருஷத்துப் பேச்சு பாக்கி இருந்ததல்லவா, மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷத்தில்தான். சத்தம் கேட்டுக் கடையிலிருந்து வந்த மாமனார், ஸ்வெட்டரை எடுத்துப் பார்த்து, ஒரு கையை நுழைத்தார். முழங்கையோடு மாட்டிக்கொண்டது. இழுத்தும் வரவில்லை. அந்தக் கையை அப்படியே தூக்கிக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்த்து அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்புறம் உள்ளே போய், பீரோவிலிருந்து தன்னுடைய ரோஸ் நிற ஸ்வெட்டரை எடுத்து வந்து, "போட்டுத் தொலை. உதடெல்லாம் நீலம் பூத்துக் கிடக்கு" என்று என் தலை வழியாக மாட்டிவிட்டார்கள்.

மறுநாள் சர்ச்சில் மாமனார் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வேதபாடம் வாசித்தார். ஆராதனை முடிந்ததும் பெண்கள் அத்தையைச் சூழ்ந்துகொண்டார்கள். "யாரு இந்தப் பொண்ணு? அண்ணனுக்குப் புது ஸ்வெட்டர் பின்னுனீங்களே, அது எங்க?" என்று கேட்டார்கள். ஒரு வருஷமாக மகன் கல்யாணத்தைப் பற்றி அங்கே மூச்சுவிடாத அத்தை என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்கள்.

"இவ என் மருமக. அந்த ஸ்வெட்டர அடுப்புல வச்சு சுட்டவ இவதான்."

அந்த மலையில் இப்போது என் பெயர் தெரிந்தவர்கள் யாரும் இல்லை, எல்லோருக்கும் நான் ஸ்வெட்டர் சுட்ட மருமகள்தான். டிசம்பரில் போய்க் கடையில் உட்கார்ந்தால், "அக்கா, கால் கிலோ வர்க்கி, ஒரு ஸ்வெட்டர்" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். புதிதாக யார் வந்தாலும் அத்தை வேலையை நிறுத்திவிட்டு முதலிலிருந்து கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்த ஸ்வெட்டர் இன்னும் கொஞ்சம் சுருங்குகிறது. முதலில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சரியாக இருந்தது, பிறகு கைக்குழந்தைக்கு என்றானது, போன தடவை உள்ளங்கையை விரித்துக் காட்டினார்கள். நான் திருத்தப் போவதில்லை. எத்தனை முறை சொன்னாலும் "என் மருமக இருக்காளே" என்றுதானே ஆரம்பிக்கிறார்கள்!