உண்டியலில் விழுந்த காப்பு

என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் சாமியாடும் ஒருவரிடம் கைகூப்பிக் குறி கேட்டிருக்கிறேன். அது என் அம்மா என்று தெரியாமல் கேட்டேன். பெற்றவளை அடையாளம் தெரியாத அளவுக்கு அமெரிக்கா என் கண்ணை மறைத்திருந்த காலம் அது.

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் எங்களுக்கு இரண்டு பவர்லூம் இருந்தது. நைனா போன பிறகு அம்மாதான் ஓட்டினாள். ஊரே பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் படிக்க அனுப்பியபோது அவளும் தோடு, வளையலையெல்லாம் விற்று அண்ணனைப் படிக்க வைத்தாள். அவன் அமெரிக்கா போய்ச் சேர்ந்தால் திருமலையில் நிலுவு தோபிடி செய்வதாக வேண்டுதல் வேறு. (உண்டியல் முன்னால் நிற்கும்போது உடம்பில் என்ன நகை இருக்கிறதோ, அத்தனையையும் கழற்றிப் போட்டுவிட வேண்டும். பெருமாளிடம் பேரம் கிடையாது.)

அண்ணன் அங்கிருந்து முதலில் அனுப்பியது ஓர் எவர்சில்வர் காப்பு. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, தினமும் இன்சுலின் ஊசி. காப்பில் அவள் பெயர் ராஜேஸ்வரி, அதன் கீழே இங்கிலீஷில், ‘சர்க்கரை நோயாளி. இன்சுலின் போடுகிறார். தடுமாறினால் இனிப்பு கொடுக்கவும்’ என்று பொறித்திருந்தது. அதைப் படித்துச் சொன்ன மேதை நான்தான். தெருவில் கேட்டவர்களிடம் அம்மா அதை வெள்ளி என்றே சொல்லிக்கொண்டாள்.

வேண்டுதலை முடிக்க நானும் அம்மாவும் போனோம். அப்போது நானும் அமெரிக்க விசாவுக்கு அலைந்துகொண்டிருந்தேன். விரதம் என்று அவள் எதுவும் சாப்பிடவில்லை. ஊசியை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டாள். உண்டியல் முன்னால் நின்றபோது அவள் உடம்பில் இருந்த ஒரே நகை அந்தக் காப்புதான்.

“டே, இத்த கழட்டவே கூடாதுன்னு பெரியவன் சொல்லிக்கீறானே?”

“ஒடம்புல இருக்கிறது அத்தனையும்னு தானே வேண்டிக்கின? சாமிய ஏமாத்துனா என் விசா என்னாவறது?” என்றேன்.

அம்மா காப்பைக் கழற்றி உண்டியலில் போட்டாள்.

நடந்து இறங்குவதும் வேண்டுதலில் சேர்த்தி. வெளியே வந்ததும் அம்மா, “ஒரு வாய் துன்னுட்டுப் போலாண்டா” என்றாள். எனக்கோ நாலு மணிக்குத் திருப்பதியில் விசா ஏஜெண்டைப் பார்க்க வேண்டும். கீழே போய்ச் சாப்பிடலாம் என்று விரட்டினேன். லட்டுப் பையையும் பிடுங்கி நானே வைத்துக்கொண்டேன். (சர்க்கரைக்காரிக்கு லட்டு எதற்கு? அவ்வளவு அக்கறை.)

அலிபிரிப் படிகளில் விறுவிறுவென்று இறங்கியவன், பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். மறுபடி ஏறினேன். ஓரிடத்தில் ஒரே கும்பல். “அம்மவாரு வந்துக்கீது. கேட்டதுக்கெல்லாம் சொல்லுது” என்றார் ஒருவர். தேடி வந்தது யாரை என்பதே மறந்துவிட்டது எனக்கு. முண்டியடித்து உள்ளே போய், கண்ணை இறுக மூடிக் கைகூப்பி, “தாயே, எனக்கு விசா கெடைக்குமா?” என்று கேட்டேன்.

“துன்னுட்டுப் போடா” என்றது குழறலாக ஒரு குரல்.

கண்ணைத் திறந்தேன். தலைவிரி கோலமாக, வேர்வையில் தொப்பலாக நனைந்து, யாரோ அப்பிய குங்குமத்தோடு என் அம்மா ஆடிக்கொண்டிருந்தாள். “சாமியே சொல்ட்சி தம்பி, ஒனக்கு விசா கன்பார்ம்!” என்று ஒருவர் என் முதுகில் தட்டினார்.

நான் மரம் மாதிரி நின்றேன். வெள்ளரிக்காய் விற்கும் தெலுங்கம்மா ஒருத்திதான் அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதி அம்மவாரு காது! மா ஆயனகு கூட ஷுகரே” என்று கத்தினாள். இது சாமி இல்லையாம், அவள் வீட்டுக்காரருக்கும் சர்க்கரையாம். என் பையைப் பிடுங்கி, லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்து அம்மா வாயில் போட்டாள்.

கால் மணி நேரம் கழித்து அம்மாவுக்குக் கண் தெளிந்தது. “ஏண்டா லட்டு குடுத்த, சுகர் ஏறிடாது?” என்பதுதான் முதல் பேச்சு. நான் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன்.

விசா கிடைத்தது. போனேன். அண்ணன் அதே எழுத்துகளோடு வேறொரு காப்பு வாங்கி அனுப்பினான். “சாமிக்குக் குடுத்தத மறுபடி போட்டுக்கக் கூடாது. சின்னவனுக்கு எதுனா ஆயிடும்” என்று அவள் கடைசிவரை அதைப் போட்டுக்கொள்ளவே இல்லை. நாலு வருஷம் கழித்து, எங்களுக்கு ஊறுகாய் பார்சல் அனுப்பச் சித்தூருக்குப் போன பஸ்ஸில், சீட்டில் சாய்ந்தபடியே போய்விட்டாள். தூங்குகிறாள் என்று யாரும் எழுப்பவில்லையாம். கையில் ஒன்றும் இல்லை. அந்தக் கையை வெறுங்கையாக்கியவன் நான்தான்.

இப்போது எனக்கும் சர்க்கரை, எனக்கும் ஊசி. அவள் போடாத காப்பை நான் போட்டிருக்கிறேன். யார் ராஜேஸ்வரி என்று டாக்டர் கேட்கிறார். பெயரைத் தவிர மற்றதெல்லாம் எனக்குப் பொருந்துகிறது என்றேன்.

படியில் அம்மா சாமியாடிய கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். காலையில் நான் சாப்பிடாமல் கிளம்பினால், அமெரிக்காவில் பிறந்த என் மகள் வாசலை மறித்துத் தலையை விரித்துப் போட்டு ஆடுவாள். “துன்னுட்டுப் போடா!” அவளுக்கு நன்றாக வரும் தமிழ் அது ஒன்றுதான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.