தாடை வளர்த்த மகான்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். புத்தியும் கூடவே போகும் என்பது தாடை மகானின் மாடிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

செருப்புக்கடைக்கு மேலே ஒரு கூடம். படிக்கட்டு முழுக்கப் பொக்கை வாய்கள். பல் கொட்டியவர்களுக்கு வருஷம் போகப் போகத் தாடை எலும்பு தேயும். மோவாய் மேலேறி மூக்கை நலம் விசாரிக்கக் கிளம்பும். கட்டிய பல்செட்டு ஆட ஆரம்பிக்கும். மகான் அந்தச் செட்டை வாங்கித் திரைக்குப் பின்னால் கொண்டுபோய், நீல விளக்கேற்றி, என்னவோ முணுமுணுத்துத் திருப்பித் தருவார். மாட்டினால் கிச்சென்று பிடிக்கும். தாடை வளர்ந்துவிட்டது என்று கூடமே கும்பிடும்.

இதோடு நிறுத்தியிருந்தால், தொலையட்டும் என்று நானும் விட்டிருப்பேன். என் அக்காவுக்குக் கீழ்வரிசையில் நாலு பல் கல்லு மாதிரி மீதி இருந்தது. அந்த நாலையும் பிடுங்க வேண்டும் என்றார் மகான். பல்தான் எலும்புக்குப் பாரமாம். பாரத்தை இறக்கினால் தாடை பதினாறு வயதுத் தாடையாக வளருமாம். தன் குறடாலேயே அருள்பாலிப்பாராம்! நாளும் குறித்தாயிற்று. மகள் கல்யாணப் போட்டோவில் ஒட்டிய கன்னத்தோடு நிற்க மாட்டேன் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். தடுத்துப் பார்த்தேன், படித்த திமிர் என்றாள்.

கடைசியில் அவளுடைய நாத்தனாரிடம் போய் முறையிட்டேன். அந்தம்மா ஓய்வுபெற்ற பஸ் டிக்கெட் பரிசோதகர். பெற்ற பிள்ளையே பஸ்ஸில் ஏறினாலும் டிக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிற ரகம். வாயில் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. பேச்சில் மட்டும் முப்பத்திரண்டும் இருக்கும். கீழ்த்தாடைக்கு ஒரே அச்சில் செய்த இரண்டு செட்டு வைத்திருந்தார். எலும்பு தேய்ந்ததில் இப்போது இரண்டுமே லொடலொட.

அக்காவின் முறை வந்த அன்று அந்தம்மா முந்திக்கொண்டு ஒரு செட்டைக் கழற்றிக் கொடுத்தார். திரை, விளக்கு, முணுமுணுப்பு. செட்டு திரும்பி வந்தது, பிடித்தது. கூடம் கும்பிட்டது. அந்தம்மாவும் ரொம்பப் பணிவாகத்தான் கேட்டார்.

"வளர்ந்தது என் தாடைதானே சாமி? செட்டுல ஒண்ணும் செய்யலையே?"

"செட்டுல என்னம்மா இருக்கு, அது பிளாஸ்டிக். வளர்ந்தது உன் எலும்பு."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?"

அந்தம்மா அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்த இன்னொரு செட்டை மாட்டினார். "இதுவும் அதே அச்சு. தாடை வளர்ந்திருந்தா இதுவும் பிடிக்கணும்" என்று சொல்லி முடிப்பதற்குள் அது வழுக்கிக்கொண்டு வந்து மகானின் மடியில் விழுந்தது. பிறகு கொண்டை ஊசியை உருவி, பிடித்த செட்டின் உட்புறத்தைச் சுரண்டினார். ரோஜா நிற மெழுகு சுருள்சுருளாக வந்தது.

அருள் ஒரு செட்டுக்குத்தான் என்றார் மகான். முன்வரிசையில் ஒருவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அவருடைய பல் எல்லாம் போன வாரம்தான் பிடுங்கப்பட்டிருந்தது. பாவம், வேறென்ன சொல்வார்? நான் திரையை இழுத்தேன். பின்னால் ஒரு சின்ன அடுப்பும் ஒரு டப்பா மெழுகும் இருந்தன. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகான் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்படியில் இறங்கிவிட்டார்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாத்தனார் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பல்லு இருக்கிற வரைக்கும்தான் அண்ணி, எலும்புக்கு வேலை. பல்லு போனா எலும்பும் கரைஞ்சு போயிடும். எனக்கு அப்படித்தான் போச்சு. இருக்கிற நாலைக் காப்பாத்திக்கோங்க."

வாசலுக்கு வந்தோம். வழுக்கையில் முடி முளைக்கவைக்கும் மகான் ஒருவர் அடுத்த தெருவுக்கு வந்திருப்பதாக யாரோ சொல்ல, பாதிக் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு வாய்ச் சோற்றையே மென்றுதானே ஐயா விழுங்குகிறீர்கள். ஒருவன் சொல்வதை மட்டும் ஏன் அப்படியே விழுங்குகிறீர்கள்?