ஒட்டின காலும் அகட்டின காலும்

சேசு மரி சூசை துணை

மல்வேர்ன்,
மாசி 11, புதன்கிழமை.

பெருமதிப்புக்குரிய வருங்காலச் சம்பந்தியார் அகஸ்ரின் அவர்களுக்கு,

நீக்கிலாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு நானும் என் பாரியார் எமில்டாவும் நலம், என் இடது முழங்கால் நீங்கலாக. மில்லிக்கனில் தாங்களும் தங்கள் பாரியாரும் எங்கள் வருங்கால மருமகன் நிதுசனும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். போன் அடித்தால் தாங்கள் எடுப்பதில்லை. வாட்சப்பில் நீலக்கோடு மட்டும் விழுகிறது. ஆகவே பேனை எடுத்தேன்.

என் மகள் கௌசி, தங்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதச் சொன்னாள். கேட்கிறேன். வருகிற ஞாயிறு கோயிலில் பிள்ளைகளின் கலியாணத்தை அறிவிக்கும் முதல் ஓலை வாசிக்க வேண்டும். "ரெண்டு தகப்பன்மாரும் முகம் பாத்துக் கதைக்காமல் நான் வாசிக்க மாட்டன்" என்று பாதர் சொல்லிவிட்டார். பிள்ளை மூன்று நாளாகச் சோற்றை அளைந்துபோட்டு எழும்புகிறாள். பெத்த வயிறு பத்துதோ இல்லையோ, எனக்குப் பத்துகிறது. ஆனாலும் எதற்கு மன்னிப்பு என்று தெளிவாக எழுதாவிட்டால் பிறகு ஆளுக்கொரு கதை கதைப்பார்கள். ஆகையால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

சனிக்கிழமை நிதுசன் இரண்டு வீட்டையும் பனிச்சறுக்கு மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சறுக்கச் சொல்லித்தந்த அந்த வெள்ளைக்காரப் பிள்ளை, காலை அளவாக அகட்டி, முழங்காலை மடித்து, கொஞ்சம் முன்னுக்குச் சாயச் சொன்னாள். "உது பிழை" என்று வாய் திறந்தது யார்? தாங்கள்தான். சுவிஸ் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவின காலத்தில் பெரிய சமையல்காரன் தங்களுக்குப் பழக்கினானாம். "ரெண்டு முழங்காலும் ஒட்டியிருக்க வேணும், நடுவில கடுதாசி வைச்சாலும் விழப்படாது, அதுதான் ஸ்டைல்" என்றீர்கள். "அண்ணை, அது கலியாணப் படத்துக்கு நிக்கிற மாதிரி. மலையில எண்டால் காலை நல்லா அகட்டிப் பாரத்தைப் பின்னுக்குப் போட வேணும்" என்றேன் நான். நான் சும்மா சொல்லவில்லை. இருபத்தாறு வருடம் மல்வேர்ன் பஸ்ஸில், ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறுகையில் தேத்தண்ணி, கம்பி பிடியாமல் நின்று வேலைக்குப் போனவன். டிரைவர் பிரேக் அடிக்க மற்றவர்கள் எல்லாம் சரிவார்கள், நான் சரிந்தது கிடையாது. அந்தப் பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் பிழை என்றாள். பத்தொன்பது வயதுக்கு என்ன தெரியும் என்பதில் மட்டும் நாங்கள் ஒற்றுமைப்பட்டோம்.

பிறகு மலை உச்சிக்கு ஏற்றிக்கொண்டு போகிற அந்தத் தொங்கு கதிரை. அது நிற்காமல் வரும், வந்தவுடன் இருந்துவிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். தாங்கள் "நீங்கள் இருங்கோ, பொம்பிளைப் பகுதி" என்றீர்கள். நான் "சீச்சீ, மாப்பிளை வீட்டுக்காரர் நிக்க நான் இருக்கிறதோ, நீங்கள் இருங்கோ" என்றேன். மரியாதை தெரிந்தவர்கள் வேறு என்ன செய்வது? இரண்டு கதிரை வெறுமனே போய்விட்டது. மூன்றாவது வந்து பின்காலில் அடித்ததில் தாங்கள் கதிரையிலும் நான் தங்கள் மடியிலும் இருந்தோம். கீழே நின்ற சனம் கை தட்டியது. மேலே போகும் வரைக்கும் தாங்கள் என் காதுக்குள்ள ஒட்டின காலைப் பற்றியே கதைச்சுக்கொண்டு வந்தனீங்கள், நானும் விடயில்லை.

உச்சியில "பாருங்கோ" எண்டு சொல்லிப்போட்டு நீங்கள் முதல் சறுக்கிக்கொண்டு போனீங்கள். நான் என்ர முறையில வந்தன். காலில பூட்டின சறுக்குப் பலகை ரெண்டும் முன்னுக்குப் போய்விட்டது, நான் மட்டும் பின்னுக்கு நிண்டிட்டன். அது நிலைப்பாட்டின் பிழை இல்லை, பனியின் பிழை. முதுகு அடிபட விழுந்து, கண்ணாடி பறந்து, கண் முழுக்க வெள்ளை. நீங்கள் திரும்பியும் பாக்கயில்லை. யாரோ முன்பின் தெரியாத மனிசன், மலையில் வேலை செய்கிறவர்போல, மூச்சு வாங்க வாங்க வந்து, கமுக்கட்டில கை குடுத்துத் தூக்கி, பனியைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து என்ர கையில வைச்சுப்போட்டு, கழண்ட பலகையைப் பிடிக்கப் போனார். நான் "தாங்க் யூ சேர்" எண்டன். ஒரு வார்த்தை பேசயில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளையாய் இருக்க வேணும்.

அதனால்தான் கீழே சாப்பாட்டு மேசையில், எமில்டா மீன் ரோல்ஸ் பிரிக்கும்போது, எல்லாருக்கும் முன்னால் அப்படிச் சொன்னேன். "விழுந்தவனைத் திரும்பிப் பாக்காத வீட்டில என்ர பிள்ளையை என்னெண்டு குடுக்கிறது?" என்று. தாங்கள் ரோல்ஸை வைத்துவிட்டு எழும்பிப் போனீர்கள். சத்தம் போட்டுச் சொன்னது பிழை, அதற்கு மன்னிப்பு. சொன்ன விஷயம் பிழையில்லை. காலை அகட்ட வேண்டும் என்பதும் பிழையில்லை. இவ்வளவையும் மனதில் வைக்காமல் ஞாயிறு தாங்கள் கோயிலுக்கு வருவீர்கள் என்று முழுமனதாக நம்புகிறேன்.

தங்கள் பாரியாருக்கு எங்கள் அன்பு. நிதுசனுக்கு ஆசீர்வாதம். தங்கள் வீட்டில் எந்நாளும் சமாதானம் தங்க வேண்டும் என்று செபிக்கும்,

தங்கள் உண்மையுள்ள,
சூ. நீக்கிலாப்பிள்ளை

பி.கு: கடித உறை ஒட்டப் போகையில கௌசி வந்து, நிதுசன் கீழே நிண்டு எடுத்து இப்பத்தான் அனுப்பின வீடியோவைக் காட்டினாள். நான் விழுகிறன். நீங்கள் பாதி மலையில நிக்கிறியள், பலகையைக் கழட்டி எறியிறியள், அந்தக் கனத்த சப்பாத்தோட மேல ஏறுறியள். ரெண்டு தரம் குப்புற விழுந்து, காலை அகட்டோ அகட்டெண்டு அகட்டி, தவண்டெல்லாம் வந்து என்னைத் தூக்கிறியள். அண்ணை, அது நீங்களோ? உங்களையோ நான் சேர் எண்டனான்? அந்த மேசையில வைச்சு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் மண்ணுக்குள்ள போயிருப்பனே, ஏன் சொல்லாமல் போனீங்கள்? மேல எழுதினது ஒண்டும் எழுதினதில்லை. இதைத் தபாலில போடயில்லை, எமில்டாவோட நானே கையில கொண்டு வாறன், கார் வெளிக்கிட்டிட்டுது. கதவைத் திறந்தால் நீங்கள்தான் முதல் கதைக்க வேணும், எனக்கு வாய் வராது.