பார்க்காத மாத்திரையின் பக்கவிளைவுகள்

குழல்வாய்மொழி இறப்பதற்கு மூன்று நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, அவளும் மகள் சுகந்தியும் டேபிள் ஃபேனைக் கழற்றித் துடைத்தார்கள். இறக்கையைச் சுகந்தி துடைத்தாள். அவள் ஐம்பதைத் தொடும் மின்வாரியப் பொறியாளர். கம்பிக்கூண்டை அம்மா துடைத்தாள், அம்மா டாக்டர்.

படித்த டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். பார்க்காத மாத்திரைக்குப் பக்கவிளைவு சொல்லும் இனம் ஒன்று உண்டு. தென்காசியில் தெருவுக்கு ஒருவர் கட்டாயம்; இந்தத் தெருவுக்குக் குழல்வாய்மொழி. மாதவிடாய் நிற்கிற வயதில் ஒருத்திக்கு உடம்பு குப்பென்று கொதித்து, ரவிக்கை நனைந்து, தூக்கம் போய், காரணமில்லாமல் அழுகை வந்து, கடைசியில் துணிந்து ஆஸ்பத்திரிக்குப் போய் ஹார்மோன் மாத்திரை பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்தால், வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் இவர்கள் வந்துவிடுவார்கள்.

"ஹார்மோனா? கேன்சர் வந்துரும். கடையத்துல ஒருத்தி முழுங்கிட்டு மீசை மொளச்சு நிக்கா."

கடையத்துக்காரிக்குப் பெயர் உண்டா? கிடையாது. மீசை மட்டும் உண்டு.

வேறு வைத்தியம்? "சூடுதாம்ட்டி. குத்தாலத்துல போயித் தலையைக் குடு. அருவி இழுத்துக்கிடும்." பக்கத்து வீட்டு மாடத்தி அப்படியே பெண்கள் வரிசையில் நின்று குளித்து, ஈரத்தலையோடு பஸ் ஏறி, வீடு வருவதற்குள் மறுபடி வேர்த்தாள். தண்ணீர் பத்தாது என்று தீர்ப்பு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபேனைத் திரும்ப மாட்டிப் போட்டார்கள். காற்று முகத்தில் அடித்தும் சுகந்தியின் கழுத்தில் வேர்வை வழிந்தது.

"ஒனக்குமாட்டி?"

"கொஞ்ச நாளாவே. தூக்கமே இல்ல. சப்ஸ்டேஷன்ல தப்பான சுவிட்சப் போடப் பாத்தேன். லைன்ல ஆள் நின்னுச்சு."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னாக் குத்தாலத்துக்கு அனுப்புவ."

அம்மா ஃபேனை மகள் பக்கம் திருப்பினாள். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு மாத்திரையைப் பற்றிக் கேள்வி கேட்டாள்.

"அந்த மாத்திரை நெசமாவே என்ன செய்யும்?"

"ஆளுக்கு ஆள் மாறுமாம். சோதிச்சுப் பாத்துட்டு டாக்டர்தான் சொல்லணும்."

"வியாழக்கெழமை போவோம். நானே கேக்கேன்."

புதன்கிழமை அம்மாவுக்கு மாரடைப்பு.

துக்கத்துக்கு வந்த மாடத்தி, சுகந்தியின் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சூடுதாம்ட்டி. குத்தாலத்துல ஒரு முழுக்குப் போடு. ஹார்மோன் கீர்மோன்னு போயிராத, ஒங்கம்மைக்குப் பிடிக்காது."

வாசகரே, இதைப் படிக்கும்போதே அந்த மாத்திரை நல்லதா கெட்டதா என்று உங்களிடம் ஒரு பதில் தயாராக இருந்ததா? அப்படியானால் மாடத்திக்குப் பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது. குழல்வாய்மொழி விட்டுப்போனது கேள்வியைத்தான். அதை இன்னும் யாரும் டாக்டரிடம் கொண்டுபோய்க் கேட்கவில்லை.