மாமாவின் சாரனுக்கு ஒரு வெப்சைட்

மாமாவின் சாரன் கடைக்கு ஒரு வெப்சைட் செய்ய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அப்போது நான் கல்முனையில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். படிப்பித்தேன் என்றால், பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே பாடம் முழுவதையும் சொல்லி முடிப்பேன். ஆட்களோடு கதைக்கப் பயந்தவளுக்கு அதைவிடத் தோதான தொழில் இல்லை.

வாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. தினமும் பஸ் ஏறிப் போய் ஒரு பெட்டிக்கு முன்னால் குந்தியிருப்பதால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மாமா என்றால் உம்மாவின் தம்பி. மருதமுனையில் நான்கு தறி வைத்து, ஆண்கள் இடுப்பில் உடுக்கும் சாரன் நெய்து, வீட்டு முன்னறையிலேயே விற்கிறவர். அவருக்கு ஒரு வெப்சைட் செய்தால் வெளிநாட்டிலிருந்தும் வந்து வாங்குவார்கள் என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்த வருடம் நான் சத்தமாகச் சொன்ன ஒரே வசனம் அதுதான்.

வாப்பா பிடித்துக்கொண்டார்.

"சரி. நோன்புக்கு முந்தி அந்தப் பெட்டியால ஒருத்தன் வந்து ஒரு சாரன் வாங்கட்டும். இல்லாட்டி வேலைய உட்டுட்டு ஊட்டுல இரி."

நோன்புக்கு மூன்று மாதம் இருந்தது.

என்னிடம் கொழும்புப் பயிற்சியில் தந்த ஒரு குறிப்புத் தாள் இருந்தது. வெப்சைட்டுக்கு வருகிறவரை வாங்குகிறவராக மாற்றுவது எப்படி என்று அதில் போட்டிருந்தார்கள். விலையை மேலே, தெளிவாகப் போட வேண்டும். சரக்கின் படம் பெரிதாக இருக்க வேண்டும். 'இப்போதே வாங்குங்கள்' என்று ஒரு பொத்தான் கண்ணில் குத்துகிற மாதிரி இருக்க வேண்டும்.

தாளோடு மாமாவிடம் போனேன்.

விலை போடவே கூடாது என்றார். பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிடுவாராம். அந்தக் கடைக்குக் கரண்ட் லைன்கூட இல்லை என்று சொல்ல நினைத்தேன். வழக்கம்போல நினைத்ததோடு சரி.

படத்தில் சாரன் மட்டும் இருந்தால் அநாதை மாதிரி இருக்கும் என்று, சாரனைப் பிடித்துக்கொண்டு தானும் நின்றார். மாமி வர மாட்டேன் என்றதால் தறியையும் பிடித்துக்கொண்டார்.

பொத்தானைப் பற்றிச் சொன்னபோதுதான் மாமாவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

"வந்த ஆளுக்கிட்ட வந்த உடனே வாங்கு எண்டு சொல்றதா மகள்? நாம என்ன பஸ் ஸ்டாண்டுல கச்சான் கடலை விக்கிறமா? முதல்ல சாப்பிடச் சொல்லு."

அப்படியே எழுதினேன். மாமாவின் முகம், தறி, வீட்டுக்கு வரும் வழி, எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில், இங்கிலீஷில்: 'வாருங்கள், முதலில் எங்களோடு சாப்பிடுங்கள்.'

வந்தவர்களின் எண்ணிக்கையைக் காட்ட, பக்கத்தின் அடியில் ஒரு கணக்கி வைத்தேன். அப்போது இன்டர்நெட் பிடிக்க டெலிபோன் லைனால் கொழும்புக்கு அழைப்பு எடுக்க வேண்டும் என்பதால் கிழமைக்கு ஒரு தரம்தான் பார்ப்பேன். இரண்டு மாதத்தில் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அதில் எட்டுப் பேர் நான்.

நோன்புக்கு ஒன்பது நாள் இருக்கையில், ஒரு வெள்ளிக்கிழமை. வகுப்புக்கு வெள்ளியும் சனியும் லீவு. நான் மாமா வீட்டில் மாமிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மாமா ஜும்ஆ முடிந்து வந்து சட்டையைக் கழற்றுகிற நேரம், வாசலில் ஒரு த்ரீவீலர் நின்றது.

ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். பொத்துவில் பக்கம் கடலில் பலகை போட்டு அலையில் வழுக்க வந்தவர்கள். அவர் கையில் மடித்த தாள் ஒன்று. விரித்துக் காட்டினார். மாமா, சாரன், தறி.

புறப்பட முந்தித் தங்கள் ஊரிலேயே பார்த்து அச்செடுத்தார்களாம். மேலே இருந்த வரியைத் தொட்டுக் காட்டி, அதனால் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறோம் என்றார் அந்தப் பெண், மிகவும் மரியாதையாக.

அதற்குப் பிறகு மாமாவை யாராலும் பிடிக்க முடியவில்லை. பாய் விரித்தார். பெருநாளைக்கு மட்டும் எடுக்கும் சஹனை, நாலு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் அந்தப் பெரிய தட்டை, இறக்கினார். சோறு, மீன் ஆணம், கத்தரிக்காய்ப் பொரியல். வெள்ளைக்காரர் உறைப்பில் அழுதார். மாமா அதை அன்பு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு மீன் வைத்தார்.

நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சாரன். ஒன்றே ஒன்று.

சாப்பிட்டு முடிந்ததும் மாமா இரண்டு சாரன்களை எடுத்து அவர்கள் மடியில் வைத்தார். வெள்ளைக்காரர் ஏதோ கேட்டார். மாமா என்னைக் கூப்பிட்டார். முக்காட்டை இழுத்துவிட்டு வெளியே வந்தேன்.

"என்னவாம் மகள்?"

"விலை கேக்கிறாங்க மாமா."

"எண்ட ஊட்டுச் சோறு திண்டவங்களுக்கு விலை இல்ல எண்டு சொல்லு."

அந்த வீட்டில் இரண்டு பாஷையும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், இங்கிலீஷில்: ஒன்று முந்நூறு ரூபா.

அவர் அறுநூறு ரூபாவை எடுத்துப் பாயில் வைத்தார்.

மாமாவின் முகம் மாறிவிட்டது. "இதென்ன, சாப்பாட்டுக்கா காசு வெக்கிறாங்க?"

நான் முக்காட்டை இன்னும் கீழே இழுத்தேன். அதை மாமா ஓம் என்று எடுத்துக்கொண்டார். விருந்தாளி தன்னைச் சாப்பாட்டுக் கடைக்காரன் ஆக்கிவிட்டானே என்ற ரோசத்தில், காசைத் தள்ளிவிட்டு இன்னும் இரண்டு சாரன்களை எடுத்து வைத்தார்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நாலு சாரனாக்கும் என்று நினைத்து இன்னுமொரு அறுநூறு வைத்தார்கள்.

மாமா இன்னும் இரண்டு சாரன் வைத்தார்.

வெள்ளைக்காரர் மறுபடி காசுப்பையைத் திறந்தார். இந்த ஊரில் இப்படித்தான் வியாபாரமா என்று அந்தப் பெண் என்னிடம் மெல்லக் கேட்டார். தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

எட்டாவது சாரனில், சாரன் அடுக்கிய ராக்கையின் மேல் தட்டு காலியானது. மாமா கீழ்த் தட்டுக்குக் குனிந்தார்.

திரைச்சீலை அசைந்தது. "என்னகா நடக்குது?" என்றா மாமி. உள்ளே போய், நான் விலை சொன்னதை அவவின் காதில் சொன்னேன். மாமி ஒரு நிமிசம் என்னையே பார்த்தா. பிறகு தலையை மூடிக்கொண்டு வெளியே போய், பாயில் கிடந்த காசை எல்லாம் அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு மாமாவிடம் சொன்னா:

"வந்த ஆக்கள் மனசு நோகக் கூடாது. பேசாம இரிங்க."

மாமா குனிந்தபடியே இருந்தார்.

அஸர் தொழுதுவிட்டு வாப்பா வந்தபோது வழக்குத் தொடங்கியது. வந்தவர்கள் விருந்தாளிகள், சாரன் அன்பளிப்பு என்றார் மாமா. எட்டுச் சாரன் விற்றது என்று மாமி முந்தானையைக் காட்டினா. வாப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. அன்பளிப்பா, வித்ததா?"

மாமாவின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. உள்ளதைச் சொன்னேன். மாமா சொன்னதை நான் சொல்லவில்லை, விலையைத்தான் சொன்னேன் என்றேன். என் வகுப்பு வேலை அதோடு போய்விட்டது என்று நினைத்தேன்.

மாமா மாமியின் முந்தானை முடிச்சைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"எவ்வளவு சொன்ன?"

"முந்நூறு."

"முந்நூறா?" மாமா எழும்பிவிட்டார். "எண்ட சாரன் நாநூறு போகும் மகள்! ஒரு சாரனுக்கு நூறு ரூபா நட்டமாக்கிப் போட்டியே!"

வாப்பா செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"நட்டம் எண்டு சொன்னா அது யாபாரந்தான். ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போ."

போனேன். போன உடனே கொழும்புக்கு அழைப்பு எடுத்து, அந்தப் பக்கத்தில் ஒரு திருத்தம் மட்டும் செய்தேன்: நானூறு ரூபாவை மேலே போட்டேன், சோற்றைக் கீழே இறக்கினேன்.